நான்கே ஆட்டத்தில் ஒருவனை எடைபோட முடியுமா?

மாணவர்களே, செமோர் வட்டாரத்தில் சனிக்கிழமை மாலையில் ஏதாவது ஒரு திடலோரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முன்பு தோட்டத்தில் காற்பந்து ஆடிய பெரியவர்கள் சிலர் மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் பொட்டலம் கட்டிய தே தாரிக் இருக்கும். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "அந்த ஒன்பதாம் நம்பர் பையன் வேலைக்கு ஆகமாட்டான்" என்பார் ஒருவர். "பதினோராம் நம்பரைப் பாரு, இன்னொரு மொக்தார் டஹாரி" என்பார் அடுத்தவர். இரண்டு தீர்ப்பும் அங்கேயே எழுதி முடிந்துவிடும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அறிவியல் சொல்லிக் கொடுக்கும் நானே அப்படி ஒரு தீர்ப்பு எழுதியவன். சில ஆண்டுகளுக்கு முன் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. படிவம் இரண்டு மாணவன் ஒருவனைத் தாக்குதல் ஆட்டக்காரனாகப் போட்டோம். ஒல்லியான உடம்பு; பிறந்தது டிசம்பர் மாதம். முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அவன் போடவில்லை. திடலோரத்தில் பேச்சு எழுந்தது. ஐந்தாம் ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியலில் அவன் பெயரை நானே அடித்தேன். அவனுக்குப் பதிலாக வந்தவன் இரண்டு கோல் போட்டான். "சார், இப்பத்தான் சரியான ஆளைப் பிடிச்சீங்க" என்று பலரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த முடிவு சரியா தவறா என்று பிறகு ஒருநாள் பகடையை எடுத்து உருட்டிப் பார்த்தேன். நீங்களும் இன்றிரவு உருட்டிப் பார்க்கலாம்.

இரண்டு ஆட்டக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவன் நல்ல ஆட்டக்காரன். சராசரியாக மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் போடுவான். பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அவனுக்கு ஒரு கோல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவன் சுமாரான ஆட்டக்காரன். ஆறு ஆட்டத்துக்கு ஒரு கோல்தான் போடுவான். 1 விழுந்தால் மட்டுமே அவனுக்குக் கோல். உண்மையான காற்பந்து இவ்வளவு எளிமையானதல்ல. ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நமக்கு வேண்டிய விஷயத்தைப் பார்க்க இந்த மாதிரி போதும்.

நல்லவன் ஓர் ஆட்டத்தில் கோல் போடாமல் இருக்க வாய்ப்பு 2/3. நான்கு ஆட்டத்திலும் தொடர்ந்து போடாமல் இருக்க வாய்ப்பு 2/3-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது. அது 16/81, ஏறக்குறைய 20 விழுக்காடு. மாவட்டத்தில் பத்துப் பள்ளிகள் இருந்து, பத்திலும் ஒவ்வொரு நல்ல தாக்குதல் ஆட்டக்காரன் இருந்தால், நான்கு ஆட்டம் முடியும்போது சராசரியாக இரண்டு பேர் கோலே போடாமல் தலைகுனிந்து நிற்பார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பகடை அப்படி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது சுமாரானவனைப் பார்ப்போம். அவன் நான்கு ஆட்டத்தில் இரண்டோ அதற்கு மேலோ கோல் போட வாய்ப்பு உண்டா? கணக்குப் போட்டால் 171/1296 வருகிறது. அதாவது 13 விழுக்காடு. (படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இதை நீங்களே போட்டுப் பாருங்கள். பூச்சியக் கோல், ஒரு கோல் ஆகியவற்றின் நிகழ்தகவை 1-இலிருந்து கழித்தால் போதும்.) நல்லவன் பூச்சியத்தோடு நிற்பதும் சுமாரானவன் இரண்டு கோலோடு மார்தட்டுவதும் அபூர்வமே அல்ல. என் பெயர்ப் பட்டியலில் நடந்ததும் இதுவாக இருக்கலாம். 24 ஆட்டம் ஆடவிட்டால் நல்லவனிடம் சராசரியாக 8 கோல் இருக்கும், சுமாரானவனிடம் 4. வித்தியாசம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நான் நான்கோடு நிறுத்திவிட்டேன்.

'மாதிரியின் அளவு' என்று நாம் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான் இது. ஆய்வுக்கூடத்தில் ஊசலின் காலத்தை ஒரே ஓர் அலைவில் அளக்காதே, 20 அலைவு எடுத்து வகுத்துக்கொள் என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதையே சொல்லும் ஆசிரியர், திடலுக்குப் போனதும் ஓர் அலைவிலேயே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்.

சின்னத் திடலில் மட்டும் நடப்பதல்ல இது. 2018 செப்டம்பரில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் போட்டி நம் நாட்டில் நடந்தது. அரையிறுதிக்கு நுழையும் நான்கு குழுக்களுக்கு மறு ஆண்டு பிரேசிலில் நடக்கும் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் உலகக் கிண்ணத்தில் இடம். முதல் ஆட்டத்தில் மலேசியா தஜிகிஸ்தானை 6-2 என்று நொறுக்கியது. மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் உலகக் கிண்ணத்தைப் பற்றித்தான். தஜிகிஸ்தான் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஆறு கோல் வாங்கிய குழுவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அடுத்த இரண்டு ஆட்டத்திலும் மலேசியா தாய்லாந்திடமும் ஜப்பானிடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. ஆறு கோல் வாங்கிய தஜிகிஸ்தானோ கால் இறுதி, அரையிறுதி எல்லாம் தாண்டி இறுதியாட்டம்வரை போனது. ஜப்பானிடம் 1-0 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது, பிரேசிலுக்கும் போனது. முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்து எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் தலைகீழாகிவிட்டது.

அந்தப் போட்டியில் நமக்காக அதிகக் கோல் போட்டவர் லுக்மான் ஹக்கிம் ஷம்சுடின். 2019-இல் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழ் 2002-இல் பிறந்த உலகின் சிறந்த 60 இளம் காற்பந்தாளர்கள் என்று வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே முதல்நிலைக் குழுவில் அவருக்கு ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. உடனே நம் ஆள்கள் அடுத்த தீர்ப்பை எழுதிவிட்டார்கள்: "வெறும் விளம்பரம்." பதினாறு வயதில் அவரை வானத்தில் ஏற்றியவர்களும் இருபது வயதில் கீழே போட்டவர்களும் பெரும்பாலும் அதே ஆள்கள்தான் என்பது என் சந்தேகம். முதல் தடவையும் ஆதாரம் போதாது, இரண்டாவது தடவையும் போதாது. ஆடாத ஆட்டத்திலிருந்து என்ன தரவு கிடைக்கும்?

இங்கே இன்னொரு விஷயமும் கலந்திருக்கிறது. அசாதாரணமாக நல்ல ஓர் ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மோசமான ஓர் ஆட்டத்துக்கு அடுத்தது பெரும்பாலும் அதைவிட நன்றாக இருக்கும். இதைப் புள்ளியியலில் 'சராசரியை நோக்கித் திரும்புதல்' என்பார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து இதை விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள். ஆனால் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை.

2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். இஸ்ரேலிய விமானப் படையின் பயிற்றுநர்களிடம், பாராட்டினால் மாணவர்கள் நன்றாகக் கற்பார்கள் என்று அவர் பேசியபோது, மூத்த பயிற்றுநர் ஒருவர் எழுந்து மறுத்தாராம். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான்; ஆகவே திட்டுதான் வேலை செய்கிறது என்பது அவர் வாதம். அவர் கண்ணால் பார்த்தது உண்மை. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான் பிசகு. திட்டினாலும் திட்டாவிட்டாலும் மோசமான ஓட்டத்துக்கு அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் தேறித்தான் இருக்கும்.

இடைவேளையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கத்தும் பயிற்றுநர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கத்தினால் பலன் கிடைப்பதைப் பலமுறை 'பார்த்திருக்கிறார்கள்'. கத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்ததில்லை. கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத பரிசோதனை அது.

இப்போது என் ஒல்லிப் பையனிடம் திரும்பி வருகிறேன். அவன் டிசம்பரில் பிறந்தவன் என்று சொன்னேன் அல்லவா? நம் நாட்டில் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரே படிவத்தில் இருக்கிறார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் வயதுப் பிரிவும் பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆக ஜனவரி முதல் வாரம் பிறந்தவனும் டிசம்பர் கடைசி வாரம் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். முப்பது வயதில் இந்த ஓராண்டு ஒன்றுமே இல்லை. பதின்மூன்று வயதில் அது மலையளவு.

கனடாவின் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கும் வயதுப் பிரிவு ஜனவரி முதல் நாளில்தான் தொடங்குகிறது. இளையோர் முன்னணிக் குழுக்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தார்கள். பின்னர் பல நாடுகளில் காற்பந்திலும் இதே போக்கு தெரிந்தது. ஜனவரிப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே திறமை கூடுதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து வயதில் அவர்கள் கொஞ்சம் பெரியவர்கள். ஆகவே தேர்வாகிறார்கள். தேர்வானதால் நல்ல பயிற்றுநர், கூடுதல் ஆட்டம், நல்ல காலணி எல்லாம் கிடைக்கின்றன. ஐந்து வருடத்தில் அவர்கள் உண்மையாகவே சிறந்தவர்களாகிவிடுகிறார்கள். தொடக்கத்தில் எழுதிய தவறான தீர்ப்பு தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. பகடைத் தவறையாவது காலம் திருத்தும். இதைத் திருத்த காலத்துக்கே வழி விடுவதில்லை நாம்.

பிறந்த தேதி பாதிக் கதைதான். ஒரே நாளில் பிறந்த இருவரின் உடல்கூட ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். அப்போது ஓராண்டில் 9, 10 சென்டிமீட்டர்கூட வளரலாம். பெண் பிள்ளைகளுக்கு அது 12 வயதை ஒட்டி வரும். சிலருக்கு இரண்டு வருடம் முன்னால், சிலருக்கு இரண்டு வருடம் பின்னால். உங்கள் வகுப்பையே சுற்றிப் பாருங்கள். மீசை அரும்பியவனும் குழந்தை முகத்தோடு இருப்பவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

வேகமாக வளரும் அந்த மாதங்களில் நல்ல ஆட்டக்காரனும் தடுமாறுவான். இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. காலை ஒரு கோல் போல நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து அதைச் சுழற்ற எவ்வளவு சிரமம் என்பது அதன் பொருண்மையையும் நீளத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நீளம் 10 விழுக்காடு கூடி, பொருண்மையும் அதே அளவு கூடினால், 1.1-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 1.33. சுழற்றும் சிரமம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. தசை அதற்கு ஈடாக இன்னும் வளர்ந்திருக்காது. மூளையும் பழைய காலின் அளவை வைத்தே கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். போன வருடம் அருமையாகப் பந்தைக் கட்டுப்படுத்தியவன் இந்த வருடம் தன் காலிலேயே தடுக்கி விழுவான். திடலோரத்தில் "பையனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்பார்கள். ஏறியது தலைக்கனமல்ல, தொடை எலும்பின் நீளம்.

இதை உணர்ந்த சில நாடுகள் ஏதோ செய்து பார்க்கின்றன. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கழகங்களின் இளையோர் பயிற்சிக் கூடங்கள், வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துக் குழு பிரித்துச் சில போட்டிகளை நடத்துகின்றன. பெல்ஜியம் காற்பந்துச் சங்கம் தாமதமாக வளரும் சிறுவர்களுக்கென்றே தனித் தேசியக் குழு வைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இதையெல்லாம் செய்யப் பணம் வேண்டும் என்பீர்கள். சட்டையில் உள்ள எண்ணைப் பிறந்த மாத வரிசைப்படி கொடுத்தால் போதும். தேர்வாளர் எண்ணைப் பார்த்ததும் இவன் இளையவன் என்று நினைவில் வைத்துக்கொள்வார். காசே செலவில்லை.

இங்கிலாந்தின் ஜேமி வார்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினாறு வயதில் உருவம் சிறியது என்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகம் அவரை அனுப்பிவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறிய கழகங்களில் ஆடி, 2016-இல் லெய்செஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் வெற்றியாளரானபோது அதன் முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்தார். பிரான்சின் அந்துவான் கிரீஸ்மனையும் உருவம் சிறியது என்று அவர் நாட்டுக் கழகங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்தார். 2018 உலகக் கிண்ணத்தைப் பிரான்சுக்காக வென்றார்.

ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒதுக்கப்பட்டு மீண்டு வந்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். ஒதுக்கப்பட்டு அப்படியே போனவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு வார்டியைக் காட்டி "திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்" என்று சொல்வதும் சிறிய மாதிரியை வைத்து எழுதும் தீர்ப்புதான். என் பையன் வரவில்லை. பெயரை அடித்த பிறகு இரண்டு வாரம் பயிற்சிக்கு வந்தான். பிறகு நின்றுவிட்டான். படிவம் நான்கில் அவனைத் தாழ்வாரத்தில் பார்த்தபோது என்னைவிட உயரமாக இருந்தான். "மறுபடி ஆட வர்றியா?" என்று கேட்டேன். "இல்ல சார், எனக்கு ஆட வராது" என்றான். நான் பட்டியலில் எழுதியதை அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

"அப்படியானால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லக்கூடாதா சார்? சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆகவேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். அதற்கு எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றலாம். கோல் அபூர்வமான நிகழ்ச்சி. நான்கு ஆட்டத்தில் ஒருவனுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். ஆனால் அதே நான்கு ஆட்டத்தில் அவன் நூறு தடவை பந்தைத் தொட்டிருப்பான். எத்தனை முறை பந்து சக ஆட்டக்காரனிடம் சரியாகப் போனது, எத்தனை முறை காலியான இடத்துக்கு ஓடி நின்றான், எத்தனை முறை கோல் வலையை நோக்கி அடிக்கும் நிலைக்கு வந்தான் என்று எண்ணினால் மாதிரி பெரிதாகிறது. இப்போது எங்கள் குழுவில் காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் மாணவன்தான் நோட்டுப் புத்தகத்தில் கோடு போடுவான். தொடக்கத்தில் தண்டனையாக நினைத்தார்கள். இப்போது அந்த வேலைக்குப் போட்டி இருக்கிறது.

எல்லா விளையாட்டும் ஒன்றுபோல இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு மீட்டர் ஓட்டத்தில் கடிகாரம் சொல்வதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. இரண்டு மூன்று ஓட்டத்திலேயே ஒருவரின் இன்றைய வேகம் தெரிந்துவிடும். (நாளைய வேகம் தெரியாது, அங்கும் உடல் முதிர்ச்சி குறுக்கே நிற்கும்.) பூப்பந்தில் ஓர் ஆட்டத்தில் பல புள்ளிகள் இருப்பதால் காற்பந்தைவிடத் தெளிவு அதிகம். அப்படியிருந்தும் பாருங்கள்: பியர்லி டான், தீனா முரளிதரன் இணை 2021-இல் சுவிஸ் பொதுப்போட்டியை வென்றபோது எல்லாரும் கொண்டாடினோம். பிறகு தோல்விகள் வந்தபோது "இவ்வளவுதான் இவர்கள்" என்று என் நண்பர்களே சொல்லக் கேட்டேன். 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி. பாரிசில் வெண்கலம் நழுவிய மறுநாளும் ஒரு தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் இப்போது என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றாகத் தேநீர் குடிக்கிறோம்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பள்ளிக் குழு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஜனவரி-மார்ச், ஏப்ரல்-ஜூன், ஜூலை-செப்டம்பர், அக்டோபர்-டிசம்பர் என்று நான்காகப் பிரித்து எண்ணுங்கள். 18 பேர் இருந்து, அதில் 7 பேர் முதல் காலாண்டில் பிறந்திருந்தால் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று குதிக்காதீர்கள். பிறந்த மாதத்துக்கும் தேர்வுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், தற்செயலாகவே நூற்றுக்குப் பதினான்கு குழுக்களில் ஏழோ அதற்கு மேலோ வரும். ஆகவே பக்கத்துப் பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளைக் கேளுங்கள். இருநூறு பேராவது சேரட்டும். பட்டியலில் யார் பெயரையும் எழுத வேண்டாம். பிறந்த மாதம் மட்டும் போதும்.